எலக்ட்ரான் எந்த வழியாகப் போனது? ஹென்றி டாபியும் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பாடமும்

இடப்பக்கம் கோபால்ட் +3, குரோமியம் +2. வலப்பக்கம் கோபால்ட் +2, குரோமியம் +3. ஓர் எலக்ட்ரான் கைமாறியிருக்கிறது என்பது வரை வேதிச் சமன்பாடு சொல்லும். அதற்கு மேல் வாயைத் திறக்காது. இரண்டு உலோக அயனிகளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டனவா, எட்ட நின்றே கொடுத்து வாங்கினவா, நடுவில் ஏதாவது தரகர் இருந்தாரா? ‘எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம்’ என்று பள்ளியில் உருப்போட்டபோது நமக்கு இந்தக் கேள்வியெல்லாம் எழவில்லை.

ஹென்றி டாபிக்கு எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைக்காக 1983இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. அந்த ஆண்டு யாரோடும் பங்கு இல்லை, முழுப் பரிசும் அவருக்கே. அப்போது அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர், கனிம வேதியியலாளர், வயது 67.

எம்.எஸ்சி. கனிம வேதியியல் தாளில் அவருடைய புகழ்பெற்ற வினையை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். ‘டாபியின் சோதனை’ என்று தலைப்புப் போட்டு, சமன்பாட்டை எழுதி, கீழே கோடு போட்டு முடித்துவிடுவோம். அந்தச் சோதனைக்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிற்பாடு அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: சோதனையைவிட முக்கியமான வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அது நடந்ததும் ஆய்வுக்கூடத்தில் அல்ல. தனக்குச் சரியாகத் தெரியாத ஒரு பாடத்தை மாணவர்களுக்கு எடுக்க வேண்டி வந்தபோது, அதற்காக உட்கார்ந்து படித்ததில் நடந்தது.

டாபி பிறந்தது 1915 நவம்பர் 30 அன்று, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நியூடார்ஃப் என்ற சிற்றூரில். பெற்றோர் உக்ரைன் பகுதியிலிருந்து 1911இல் குடிபெயர்ந்த ஜெர்மானியர்கள். நான்கு ஆண்பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. வீட்டில் பேச்சு ஜெர்மன், பிழைப்பு பண்ணை வேலை. பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டு ரெஜைனா நகரின் லூத்தர் கல்லூரிக்குப் படிக்கப் போனார். பள்ளிப் படிப்பு முடிந்த சமயம் உலகப் பொருளாதாரப் பெருமந்தம். அங்கே பால் லீஃபெல்ட் என்ற ஆசிரியர் ஆய்வக உதவியாளர் வேலை போட்டுக்கொடுத்து, அதே இடத்தில் பல்கலைக்கழக முதலாண்டுப் பாடங்களையும் படிக்க வழி செய்தார். பிறகு சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 1935இல் இளநிலை, 1937இல் முதுநிலை. முதுநிலைக்கு வழிகாட்டி ஜான் ஸ்பிங்க்ஸ்; ஒளிபட்டுச் சிதையும் சேர்மங்கள்தான் ஆய்வு. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி அங்கே வந்து சேர்ந்திருந்த கெர்ஹார்ட் ஹெர்ட்ஸ்பெர்க்கும் அவருக்குப் பாடம் எடுத்தவர். ஹெர்ட்ஸ்பெர்க்குக்கு 1971இல் நோபல் கிடைத்தது. புல்வெளி மாகாணத்தின் சின்னப் பல்கலைக்கழகம்தான், ஆனால் ஆசிரியர் விஷயத்தில் டாபிக்குக் கொடுத்துவைத்திருந்தது.

முனைவர் படிப்புக்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லி. அன்றைய பெர்க்லி வேதியியல் துறையின் தலைமகன் கில்பர்ட் லூயிஸ். நாம் இன்றும் புள்ளி வைத்துப் போடும் எலக்ட்ரான் படங்களுக்குச் சொந்தக்காரர். டாபிக்கு வாய்த்த வழிகாட்டி வில்லியம் பிரே. இவரும் கனடாவில் பிறந்தவர். பிரேயைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. 1921இல் அவர் ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடேட்டும் கலந்த கரைசலில் அயோடினின் அளவு ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலைபாய்வதைக் கண்டு எழுதினார். வினை என்றால் ஒரு திசையில் போய் ஓய வேண்டும், ஊஞ்சலாடக் கூடாது என்பது அன்றைய நம்பிக்கை. தூசு விழுந்திருக்கும், அசுத்தம் கலந்திருக்கும் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அவர் கண்டது சரி என்று வேதியியல் உலகம் ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. வினையின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் அந்த மனிதரிடம் இருந்தது. ஓசோனும் பெராக்சைடும் நீரில் சேரும்போது நடக்கும் சங்கிலி வினைகளை அவரோடு ஆராய்ந்து 1940இல் முனைவரான டாபிக்கும் அது தொற்றிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். வேதியியலில் தனக்கு ஆழ்ந்த ஈடுபாடு வந்தது பெர்க்லியில்தான் என்று டாபியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்ப ஆசைப்பட்டார். கனடாவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், பதிலே வரவில்லை. பெர்க்லியிலேயே ஓராண்டு கீழ்நிலை ஆசிரியர் வேலை, 1941 முதல் கார்னெல் பல்கலைக்கழகம், 1942இல் அமெரிக்கக் குடியுரிமை. போர் முடிந்த 1946இல் சிகாகோ.

சிகாகோவுக்குப் போன காலம் அருமையான காலம். அணுகுண்டுத் திட்டத்துக்காகத் திரண்ட அறிவியலாளர்களில் பலர் போருக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள். என்ரிகோ ஃபெர்மி, கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்த ஹரால்ட் யூரே, கார்பன் காலக்கணிப்பைக் கொண்டுவந்த வில்லர்ட் லிபி, ஜேம்ஸ் ஃபிராங்க் என்று தாழ்வாரத்தில் நடந்தாலே நோபல்காரர்களும் நோபல் வாங்கப்போகிறவர்களும் எதிர்ப்படுவார்கள். அதைவிட வேதியியலாளருக்குப் பயன்பட்ட சங்கதி, ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களான ஐசோடோப்புகள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதுதான். ஓர் அணுவுக்கு அடையாளம் போட்டு அனுப்பிவிட்டு, வினை முடிந்ததும் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தேடலாம்.

டாபி அதைத்தான் செய்தார். கன ஆக்சிஜனைக் கையில் எடுத்தார். குளோரேட் அயனி சல்ஃபைட்டை ஆக்சிஜனேற்றும்போது, ‘ஆறு எலக்ட்ரான் கைமாறியது’ என்று நாம் கணக்கு எழுதுவோம். குளோரேட்டின் ஆக்சிஜனுக்கு அடையாளம் போட்டுப் பார்த்தால், அந்த ஆக்சிஜன் அணுக்களே எழுந்து சல்ஃபேட்டில் போய் உட்கார்ந்திருந்தன. எலக்ட்ரான் கணக்கு நம் வசதிக்கு எழுதிக்கொள்வது. உண்மையில் இடம் மாறியது அணு. பிறகு ஜான் ஹன்ட் என்பவருடன் சேர்ந்து இன்னொரு கேள்வி: நீரில் கரைந்த குரோமியம் +3 அயனி எத்தனை நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிவைத்திருக்கிறது? விடை ஆறு. அதை எண்ண முடிந்ததற்கே ஒரு காரணம் இருந்தது. குரோமியம் +3 தன் நீரை லேசில் விடாது. அடையாளம் போட்ட நீர் வெளியில் சூழ்ந்து நின்றாலும், உள்ளே இருப்பது வெளியேறி முழுதும் கலக்க நாள்கணக்கில் ஆகும். அந்த அவகாசத்தில் எண்ணிவிடலாம். மற்றப் பல அயனிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரம் தடவை நீரை மாற்றிக்கொள்பவை; அவற்றிடம் இந்த எண்ணிக்கை செல்லாது.

இந்தச் சமயத்தில்தான் உயர்நிலைக் கனிம வேதியியல் பாடம் ஒன்றை உருவாக்கி நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அணைவுச் சேர்மங்களை அவர் முறையாகப் படித்தவர் அல்ல. நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றி ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகளோ அயனிகளோ, பெரும்பாலும் ஆறு. ஆல்ஃபிரட் வெர்னர் இந்த அமைப்பை விளக்கி 1913இலேயே நோபல் வாங்கியாகிவிட்டது. அதன் பிறகு எழுதப்பட்ட பாடநூல்களைப் புரட்டிய டாபிக்கு ஏமாற்றம். தயாரிப்பு முறை இருந்தது, நிறம் இருந்தது, வடிவம் இருந்தது. எது வேகமாக வினைபுரியும், எது மெதுவாக, ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. கார்பன் சேர்மங்களில் ஓர் அணுத்தொகுதி போய் இன்னொன்று உட்காரும் வினைகளைக் கரிம வேதியியலாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதையே உலோகத்தைச் சுற்றியுள்ள ஈனிகளுக்கும் கேட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

சிதறிக் கிடந்த தகவல்களையெல்லாம் திரட்டினார். 1952இல் ‘கெமிக்கல் ரிவ்யூஸ்’ இதழில் ஐம்பது பக்கத்துக்கு மேல் நீண்ட ஒரு கட்டுரையாக அது வெளிவந்தது. பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாத வரிசைப்படுத்தும் வேலை. அறை வெப்பநிலையில், சாதாரணச் செறிவில், ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் ஈனியை மாற்றிக்கொண்டு முடித்துவிடுகிறதா? அப்படியானால் இளகியது. அதற்கு மேல் இழுத்தடிக்கிறதா? அப்படியானால் பிடிவாதமானது. வகுப்பறையில் ‘லேபைல்’, ‘இனர்ட்’ என்று சொல்கிறோமே, அந்தப் பிரிவினைதான்.

பிடிவாதமும் உறுதியும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் தேர்வுத்தாள்களில் இன்றும் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். கோபால்ட் +3 அயனியைச் சுற்றி ஆறு அம்மோனியா இருக்கும் சேர்மத்தை அமிலத்தில் போடுங்கள். ஆற்றல் கணக்குப்படி அது உடைந்தே ஆகவேண்டும்; அமிலத்துக்கு அம்மோனியா என்றால் அவ்வளவு ஆசை. ஆனாலும் அது நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். நிக்கலைச் சுற்றி நான்கு சயனைடு இருக்கும் சேர்மம் இதற்கு நேர்மாறு. மிக உறுதியானது, தானாகப் பிரியாது. ஆனால் அடையாளம் போட்ட சயனைடைக் கரைசலில் விட்டால் சிறிது நேரத்தில் உள்ளே வெளியே எல்லாம் கலந்துவிடும். முன்னது விருப்பமில்லாமல் வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆள். பின்னது, எப்போதும் ஆள் நிரம்பியிருந்தாலும் தினம் ஆள் மாறும் கடை.

எது இளகியது, எது பிடிவாதமானது என்பதை உலோகத்தின் டி ஆர்பிட்டால்களில், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் ஐந்து இடங்களில், எத்தனை எலக்ட்ரான் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று டாபி காட்டினார். ஈனிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நோக்கி நீளும் மூன்று ஆர்பிட்டால்களில் ஒன்று காலியாக இருந்தால், புதிதாக வரும் ஈனிக்கு நுழைய வாசல் திறந்திருக்கிறது. ஈனிகளையே நேராக நோக்கும் இரண்டில் எலக்ட்ரான் இருந்தால், பழைய ஈனியின் பிடி தளர்கிறது. இந்த இரண்டு வசதியும் இல்லாதவை பிடிவாதக்காரர்கள். மூன்று டி எலக்ட்ரான் உள்ள குரோமியம் +3, ஆறும் இணைசேர்ந்த கோபால்ட் +3 இரண்டும் இந்தக் கட்சி. நான் இங்கே சொன்னது இன்றைய படிகப்புலக் கொள்கையின் மொழி. டாபி எழுதியது லைனஸ் பாலிங்கின் பழைய மொழியில். கொள்கை மாறியது, பட்டியல் மாறவில்லை. நோபல் பரிசைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுத்த ஆண்டு வந்த சோதனையைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் இந்தப் பட்டியல்தான் சாவி.

ஏன் என்று பார்ப்போம். இரண்டு உலோகங்களுக்கு இடையே எலக்ட்ரான் போகும்போது நடுவில் ஓர் ஈனி பாலமாக நின்றதா என்று தெரியவேண்டும். நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு குழம்பு கொடுப்பதைப் போல யோசியுங்கள். குழம்பு கைமாறியதா என்பது தெரியும். கிண்ணத்தோடு கொடுத்தார்களா, வேறு வழியா? எங்கள் வீட்டுக் கிண்ணம் பக்கத்து வீட்டு அலமாரியில் கிடைத்தால் விஷயம் தெளிவு. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கொடுக்கும் வரை கிண்ணம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கவேண்டும். வாங்குகிறவர் கையை நீட்டத் தயாராக இருக்கவேண்டும். வாங்கிய பிறகு கிண்ணத்தை வேறெங்கும் போட்டுவிடாமல், நாம் போய்ப் பார்க்கும் வரை வைத்திருக்கவேண்டும். பெரும்பாலான உலோக அயனிகளிடம் இந்த நிபந்தனைகள் செல்லாது. எல்லாம் இளகியவை, நீங்கள் பார்ப்பதற்குள் கிண்ணங்கள் தெரு முழுக்கச் சுற்றி வந்திருக்கும்.

டாபியின் பட்டியலிலிருந்து பொருத்தமான ஜோடி தானாக எழுந்து வந்தது. கோபால்ட் +3 பிடிவாதமானது. அதைச் சுற்றி ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் இருக்கும் செம்மையேறிய ஊதா நிறச் சேர்மம் வெர்னர் காலத்துக்கு முன்பிருந்தே வேதியியலாளர்களுக்குப் பழக்கம். அது வினை நடக்கும் வரை குளோரைடைக் கைவிடாது. குரோமியம் +2 மிக இளகியது; ஒரு நீரைச் சட்டென்று உதறிவிட்டுக் குளோரைடைப் பிடித்துக்கொள்ள முடியும். எலக்ட்ரான் கைமாறியதும் வேடங்கள் மாறுகின்றன. கோபால்ட் +2 ஆகி இளகிவிடுகிறது, தன்னைச் சுற்றி இருந்த அனைத்தையும் உதிர்க்கிறது. குரோமியம் +3 ஆகி இறுகிவிடுகிறது, கையில் எது இருந்ததோ அதை விடாது. இப்படி நான்கு பாத்திரமும் கச்சிதமாகப் பொருந்தும் ஜோடியைத் தற்செயலாகக் கண்டுபிடிக்க முடியாது. யார் இளகியவர், யார் இறுகியவர் என்று ஒரு நிமிடக் கணக்கில் வரிசைப்படுத்தி வைத்தவருக்குத்தான் அது கண்ணில் படும்.

முதலில் அவர் இன்னும் எளிமையாக, சோதனைக் குழாய் அளவில் ஒன்றைச் செய்து பார்த்தார். குரோமியம் +2 கரைசலில் திட அயோடினைப் போட்டார். பச்சை நிறம் வந்தது. அயோடைடு ஒட்டிய குரோமியம் +3இன் நிறம். சற்றுப் பொறுத்தால் அந்தப் பச்சை மங்கி, வெறும் நீர் சூழ்ந்த குரோமியத்தின் நிறத்துக்கு வந்தது. அதாவது அயோடைடு அங்கே நீடிக்க விரும்பவில்லை. வினை நடந்த கணத்தில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு கோபால்ட். காற்றுப் படாமல் வைத்த வான்நீலக் குரோமியம் +2 கரைசலோடு ஊதாக் கோபால்ட் சேர்மத்தைக் கலந்ததும் வினை நொடியில் முடிந்தது. குளோரைடு ஒட்டிய பச்சைக் குரோமியம் +3 கிடைத்தது. எவ்வளவு கோபால்ட் சேர்மம் போட்டாரோ அவ்வளவு.

‘தெருவில் கிடந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டிருக்கலாமே?’ என்று ஒரு சந்தேகக்காரர் கேட்பார். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கரைசலில் கதிரியக்க அடையாளம் போட்ட குளோரைடைத் தனியாகக் கலந்து விட்டார்கள். விளைபொருளில் அந்த அடையாளம் ஏறவில்லை. ஆகவே குரோமியத்தின் கையில் இருந்தது கோபால்ட்டிடமிருந்து நேரடியாக வந்த அதே குளோரைடுதான். அந்த ஒரு கணத்தில் குளோரைடு இரண்டு உலோகத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. எலக்ட்ரான் ஒரு பக்கம் போனது, குளோரைடு எதிர்ப்பக்கம் போனது. ஹோவர்ட் மையர்ஸ், ரொனால்ட் ரிச் இருவருடன் சேர்ந்து டாபி இதை 1953இல் வெளியிட்டார். இது உள்கோள வழி எனப்பட்டது.

பாலம் போடுவதால் எவ்வளவு லாபம் என்பதற்கும் கணக்கு உண்டு. குளோரைடு இருந்த இடத்தில் ஆறாவதாகவும் அம்மோனியாவையே வைத்தால், அம்மோனியாவிடம் இன்னொரு உலோகத்தைப் பிடிக்க மிச்ச எலக்ட்ரான் ஜோடி கிடையாது. பாலம் சாத்தியமில்லை. வினை அப்போதும் நடக்கிறது, ஆனால் வேகம் நூறு கோடி மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. ஒரே ஓர் ஈனியை மாற்றியதில் இவ்வளவு.

பாலம் இல்லாமல், இரு அயனிகளும் தத்தம் ஈனிகளைக் கலைக்காமல் எலக்ட்ரானை மட்டும் தாவவிடுவது வெளிக்கோள வழி. அதன் கணக்கு வேறு கைகளில் வளர்ந்தது. சிகாகோவிலேயே லிபி 1952இல் ஒரு விளக்கம் எழுதினார்: எலக்ட்ரான் மிக லேசானது, தாவல் நொடிப்பொழுதில் முடியும், கனமான அணுக்கள் அதற்குள் நகர நேரமிருக்காது. 1956 முதல் ருடால்ஃப் மார்க்கஸ் இதைச் சீர்திருத்தி முழுக் கொள்கையாக்கினார், 1992இல் நோபல் பெற்றார். மார்க்கஸும் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர்தான். எலக்ட்ரான் பெயர்ச்சிக்கு அமெரிக்கா வாங்கிய இந்த இரண்டு நோபலுக்கும் பிறந்த வீடு கனடா.

குளோரைடு ஓர் அணு அகலப் பாலம். அடுத்து டாபியின் குழு நீளமான கரிம மூலக்கூறுகளைப் பாலமாக வைத்தது. ஐசோநிகோடினமைடு என்ற மூலக்கூறின் ஒரு முனையில் பிரிடின் வளையத்தின் நைட்ரஜன், மறுமுனையில் அமைடு ஆக்சிஜன். கோபால்ட் நைட்ரஜனைப் பிடித்திருக்க, குரோமியம் தூரத்து ஆக்சிஜனில் வந்து ஒட்டுகிறது. எலக்ட்ரான் வளையத்தின் வழியாகவே கடந்து போகிறது. வினை முடிந்ததும் குரோமியம் அந்த ஆக்சிஜனையே பிடித்துக்கொண்டு நிற்கும். சாட்சி மறுபடியும் கையும் களவுமாக.

நடுவில் 1956 முதல் 1959 வரை சிகாகோ வேதியியல் துறையின் தலைவர் பதவி. நிர்வாக வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1962இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அந்தத் துறை அப்போதுதான் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. கருத்தடை மாத்திரைக்கு வழிகோலிய கார்ல் ஜெராசி, பாலிமர் வேதியியலின் பால் ஃபிளோரி எல்லாம் சற்று முன்பாக அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் டாபி உலோகத்தை மாற்றினார். இடம் மாறும்போது பழைய பெருமையையே இன்னும் இருபது ஆண்டு அரைத்துக்கொண்டிருப்பது பேராசிரியர்களிடம் சாதாரணமாகக் காணும் வழக்கம். அவர் அதைச் செய்யவில்லை. கோபால்ட்–குரோமியம் ஜோடியின் பலமே அதன் பலவீனமும்கூட. எலக்ட்ரான் தாவியதும் கோபால்ட் சிதறிவிடும், பாலமும் உடைந்துவிடும். பாலத்தையே நிதானமாக ஆராய வேண்டுமென்றால், தாவலுக்கு முன்னும் பின்னும் கலையாத உலோகம் வேண்டும். ருத்தேனியம் +2, +3 இரண்டு நிலையிலும் பிடிவாதமானது. மறுபடியும் அதே 1952 பட்டியல்.

ஐந்து அம்மோனியா ஒட்டிய ருத்தேனியம் என்ற அந்தத் துண்டு டாபி ஆய்வகத்தின் முத்திரையாகிவிட்டது. 1965இல் டொரான்டோவில் ஆலன், செனோஃப் இருவரும் ஆறு அம்மோனியா ருத்தேனியத்தைத் தயாரிக்க ஹைட்ரசீனைப் பயன்படுத்தப் போய், எதிர்பாராமல் நைட்ரஜன் மூலக்கூறே ஈனியாக ஒட்டிய முதல் சேர்மத்தைக் கண்டார்கள். எதனோடும் சேராத சோம்பேறி வாயு என்று பெயரெடுத்த நைட்ரஜன்! டாபி ஆய்வகத்தின் ஹாரிசன், அவ்வளவு சுற்றுவழிகூடத் தேவையில்லை என்று காட்டினார். ஐந்து அம்மோனியாவும் ஒரு நீரும் உள்ள ருத்தேனியம் +2 கரைசலில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், அது நீரைத் தள்ளிவிட்டு நேராக உட்காருகிறது. இரண்டு ருத்தேனியத்துக்கு நடுவே நைட்ரஜன் பாலமாக நிற்கும் சேர்மத்தை 1968இல் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு பாலம். கேரல் க்ரூட்ஸ் அப்போது டாபியின் ஆராய்ச்சி மாணவி. அறுகோண வளையத்தில் எதிரெதிர் மூலையில் இரண்டு நைட்ரஜன் உள்ள பைரசீனை நடுவில் வைத்து, இருபுறமும் ஐந்து அம்மோனியா ருத்தேனியத்தை ஒட்டினார். மொத்த மின்சுமை +5. இரண்டு உலோகத்துக்கு +5ஐப் பிரிக்க வேண்டும். ஒன்று +2, இன்னொன்று +3 என்று வைத்துக்கொண்டால், ஓர் எலக்ட்ரான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுகிறது என்று பொருள். ஆளுக்கு +2.5 என்றால், அது எந்தப் பக்கமும் சொந்தமில்லாமல் பாலம் முழுக்கப் பரவியிருக்கிறது. இரண்டு ருத்தேனியமும் +2ஆக உள்ள சேர்மத்திலும் காணாத, இரண்டும் +3ஆக உள்ள சேர்மத்திலும் காணாத ஒளி உறிஞ்சல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், ஏறக்குறைய 1570 நானோமீட்டரில் தெரிந்தது. இந்த க்ரூட்ஸ்–டாபி அயனியை வைத்து நடந்த வழக்கு பல பத்தாண்டு நீடித்தது. ஊசலா, பரவலா? பெரும்பான்மைத் தீர்ப்பு பரவலின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு மாணவியின் முனைவர் பட்ட ஆய்வில் பிறந்த ஒற்றை அயனியைப் பற்றி உலகமெங்கும் இத்தனை கட்டுரைகள் குவிந்தது வேதியியலில் அபூர்வம்.

இந்த வேலைக்கு உயிரியலில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: நம் உடல் மூச்சுக் காற்றின் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதும், இலை வெயிலைப் பிடித்துச் சேமிப்பதும் உலோகம் பொதிந்த புரதங்களுக்கு இடையே எலக்ட்ரான் கைமாறுவதால்தான். 1982இல் கால்டெக்கில் ஹாரி கிரே குழு, குதிரை இதயத்திலிருந்து எடுத்த சைட்டோகுரோம் சி புரதத்தில் 33ஆவது இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஐந்து அம்மோனியா ருத்தேனியத்தை ஒட்டி, அங்கிருந்து உள்ளே இருக்கும் இரும்புக்கு எலக்ட்ரான் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்தது. அதே ஆண்டில் அதே புரதத்தில் அதே வழியில் அளந்த இன்னொருவர் ஸ்டெஃபன் இசைட், டாபியின் பழைய மாணவர். இரு குழுக்களும் புரதத்தின்மேல் ஒட்டியது டாபி ஆய்வகம் பல ஆண்டு பழக்கிவைத்த அதே துண்டுதான்.

1983இல் நோபல் வந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் 1976லேயே வந்திருந்தது, அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பிரீஸ்ட்லி பதக்கம் 1985இல் வந்தது. 1986இல் பணி ஓய்வு என்று ஏட்டில் இருக்கிறது. ஆய்வகக் கதவு மட்டும் மூடவில்லை, 2001 வரை ஆய்வு தொடர்ந்தது. ருத்தேனியத்துக்குக் கீழே தனிம வரிசை அட்டவணையில் ஓஸ்மியம் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டார். 1987இல் டீன் ஹார்மன் என்ற மாணவருடன் வெளியிட்ட வேலையில் ஐந்து அம்மோனியா ஓஸ்மியம் +2, பென்சீன் வளையத்தின் ஆறு கார்பன்களில் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. வளையத்தின் புகழ்பெற்ற உறுதி அதனால் குலைகிறது. மிச்ச நான்கு கார்பன்களும் சாதாரண இரட்டைப் பிணைப்புகளைப் போல வினைக்கு இணங்குகின்றன. எலக்ட்ரான் பெயர்ச்சிக்கும் இதற்கும் மேலோட்டமாகத் தொடர்பே இல்லை. நோபல் வாங்கி நான்கு ஆண்டு கழித்து எழுபதைத் தாண்டியவர் புதுக் கிளை ஒன்றைத் திறந்துவிட்டார்.

தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், 2005 நவம்பர் 16 அன்று டாபி காலமானார். ஹார்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஓஸ்மியம் விலை அதிகம், நச்சும் உண்டு. ரீனியம், மாலிப்டினம், டங்ஸ்டன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பென்சீனை அதே மாதிரி இரண்டு கார்பனில் பிடித்து நிறுத்தும் வேறு உலோகங்களைத் தேடிக்கொண்டு அவர் போனார்.